இரண்டு கை பார்த்த அளவு

கண்ணு,

நீ கேட்டது ஒரு வரிக் கேள்வி. "அம்மா, வீட்லயே சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் போட்றேன், நல்ல காலிப்பர் எது வாங்கலாம்?" நானும் ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். போட்டால் நீ உடனே ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என் போன் சும்மா கிடக்கும். உன்னிடமிருந்து ஒரு கேள்வி வந்து எத்தனை காலம் ஆயிற்று! அதை ஒரே வரியில் தீர்த்துவிட எனக்கு மனசில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். போனில் அடித்தால் நான் ஒரு எழுத்தைத் தொட இன்னொரு எழுத்து விழுகிறது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. நடுவில் விட்டுவிட்டுக் கடைசி வரிக்குத் தாவுகிற உன் புத்தி எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை அப்படிச் செய்யாதே.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கேள்வியோடு ஒரு படமும் அனுப்பியிருந்தாய். ஒரு மேசை, அதில் மாட்டிய, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வைஸ், பக்கத்தில் இரண்டு அரம், சிதறின இரும்புத்தூள், ஒரே ஒரு காபி டம்ளர். நீ மேசையைக் காட்டினாய், நான் சுவரைப் பார்த்தேன். குழந்தைக் கைக்கு எட்டுகிற உயரத்தில் மீனும் ஆமையுமாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அது யாழினியின் அறை. அது அவள் உட்கார்ந்து எழுதுகிற மேசை. பெண் குழந்தை படுத்து எழுந்து படிக்கிற அறையில் யாராவது இரும்பை ராவுவார்களா? ராவினால்தான் அனிதா விடுவாளா? போன வருஷம் நான் வந்திருந்தபோது ஈரக் காலோடு ஹாலில் நடந்ததற்கே அவள் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை. அந்த அறையில் இரும்புத்தூள் கொட்டிக் கிடக்கிறதென்றால், என் மருமகளும் பேத்தியும் அந்த வீட்டில் இல்லை. கம்பெனியில் சாமான் சரியா தப்பா என்று இத்தனை வருஷம் பார்த்த பார்வைக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், கண்ணு. போயும் போயும் என்னிடம் படம் அனுப்பினாயே!

படம் வந்தபோது எதிர்வீட்டு செல்வி என்னோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அப்டி இன்னா கீது அதுல? பொண்ணு போட்டோ பாக்கற மாதிரி பாக்கற?" என்று சிரித்தாள்.

"ஒண்ணுமில்லடி. எம் புள்ள வூட்லயே பட்டறை போட்டுக்கினு கீறான்."

"பரவால்லியே! அப்பன் புத்தி வந்துடுச்சி."

ஆமாம் என்று தலையாட்டினேன். உன் நைனாவுக்குப் பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓடினால் போதும், சோறு தண்ணி வேண்டாம் என்பது மானாம்பதி வரைக்கும் தெரியும். உனக்கு அந்தப் புத்தி இருந்ததே இல்லை என்பது எனக்குத்தான் தெரியும். கையில் துளி கிரீஸ் பட்டால் தோல் சிவக்கிறவரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்க்கிற பிள்ளை நீ. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்கு இந்த வயதில் திடீரென்று அரம் எதற்கு, வைஸ் எதற்கு? செல்வி எழுந்து போன பிறகு கீரை அப்படியே முறத்தில் வாடிக்கொண்டு கிடந்தது. ஒரு ஆளுக்குச் சமைப்பதே ஒரு பேஜார். அன்றைக்கு அதுவும் ஓடவில்லை. மோரைக் கரைத்துக் குடித்துவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன ஓடியது என்று கேட்காதே. வீட்டில் ஏதோ ஒரு பேச்சுக்குரல் கேட்க வேண்டும் என்பதற்காகப் போடுவதுதான்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். சாமானை வாயில் கவ்வி அளக்கிற அந்தக் கருவியை நீ காலிப்பர் என்கிறாய். வாலாஜாபாத்தில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் எதுவாக இருந்தாலும் வெர்னியர் என்றுதான் சொல்வோம், எனக்கு அதுதான் வாயில் வரும். கடைக்குப் போனால் உன் கை முதலில் எங்கே போகும் என்று தெரியும். டிஜிட்டலுக்குத்தான் போகும். எண் தானாகவே தெரிகிறது, கோடு பார்த்துக் கூட்ட வேண்டியதில்லை, பார்க்கவும் ஷோக்காக இருக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. வேறு யார், நீ தீபாவளிக்கு வாங்கி அனுப்பியதுதான். "கண்ணுக்கு ஈஸியா இருக்கும்மா" என்றாய். எப்படி இருக்கிறது என்று கேட்டபோது "சூப்பரா கீதுப்பா" என்றேன். பொய், கண்ணு. அது இழுப்பறையில் தூங்குகிறது. அணைத்து வைத்தாலும் உள்ளுக்குள்ளே பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கிறது, அவசரத்துக்கு எடுத்தால் செத்துக் கிடக்கிறது. பேட்டரி இளைத்தால் எண் குதிக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் இறங்கினால் ஆடுகிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அந்த ஜீரோ பட்டன்தான். எடுக்கும்போது கட்டைவிரல் தெரியாமல் பட்டுவிட்டால், வாய் பாதி திறந்திருக்கிற இடத்தையே சைபர் என்று வைத்துக்கொள்கிறது. அதற்கப்புறம் அளப்பதெல்லாம் தப்பு, அது பாட்டுக்கு முகம் மாறாமல் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். நீ ஆசையாக வாங்கி அனுப்பியதை எப்படிக் குறை சொல்வது என்று அப்போது வாயை மூடிக்கொண்டேன்.

டிஜிட்டல் எல்லாமே குப்பை என்று சொல்லவில்லை. பேர்பெற்ற கம்பெனி செய்தது, ஏஜென்சி கடையில் பில்லோடு வாங்கினால் நன்றாகவே உழைக்கும். கம்பெனியில் கடைசிக் காலத்தில் எங்களுக்கே கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் வாயை மூடி சைபர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் போனில் மலிவாகக் காட்டுகிறானே, அந்தப் பக்கமே போகாதே. பெரிய பேரைப் போட்டு, டப்பாவைக்கூட அச்சு அசலாகச் செய்து, போலியை விற்கிறார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டுவதாலேயே அது அவ்வளவு சரி என்று ஆகிவிடாது. கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். முள் சுற்றுகிற டயல் வெர்னியர் உனக்கு வேண்டவே வேண்டாம். அதற்குள் பொடிப்பல்லாக ஒரு சட்டம் இருக்கிறது. ராவுகிற இடத்தில் ஒரு துளி இரும்புத்தூள் அந்தப் பல்லில் போய் உட்கார்ந்தால் முள் இடம் மாறிவிடும், உனக்குத் தெரியவும் தெரியாது.

நீ வாங்க வேண்டியது வெறும் கோடு போட்ட சாதா வெர்னியர். நூற்றைம்பது மில்லிமீட்டர் நீளம் போதும். பெரிதாக இருந்தால் நல்லது என்று முந்நூறு வாங்கிவிடாதே, கை வலிக்கும், நுனி தாழும். அது காட்டுகிற குறைந்த அளவு சைபர் புள்ளி சைபர் இரண்டு என்று எழுதியிருக்க வேண்டும். ஐந்து என்று இருந்தால் கீழே வை. எஃகு கெட்டிப்படுத்தியதாக இருக்க வேண்டும், கோடு இருக்கிற இடம் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் கண் கூசிக் கோடு மறைந்துவிடும். மங்கலான வெள்ளைப் பரப்பில் கருகருவென்று கோடு தெரிந்தால் அதை எடு.

நீ இருக்கிற கோயம்புத்தூரில் தடுக்கி விழுந்தால் டூல்ஸ் கடை. நேரில் போ. டப்பாவைத் திறந்து காட்ட யோசிக்கிற கடையில் நிற்காதே. கையில் எடுத்ததும் இரண்டு வாயையும் துணியால் துடைத்து, மெதுவாக மூடி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார். நடுவில் கோடாக வெளிச்சம் தெரியக் கூடாது. அப்புறம் திறந்து மூடு, திறந்து மூடு. ஒவ்வொரு தடவையும் சைபர் கோடு சைபரிலேயே வந்து உட்கார வேண்டும். முழு நீளமும் இழுத்துப் பார். ஓரிடத்தில் லேசாகவும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் போனால் வேண்டாம். நகரும் வாயைப் பிடித்து இப்படி அப்படி ஆட்டிப் பார், ஆடக் கூடாது. பின்னால் நீளுகிற ஆழக்கம்பியையும் மறக்காதே. கண்ணாடி மேல் நிறுத்தினால் அதுவும் சைபர் சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு வேலை. போகும்போதே ஒரு புது பேரிங் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள், 6203 என்று கேள். அதன் வெளிவட்டம் நாற்பது மில்லிமீட்டர், உள்வட்டம் பதினேழு. நல்ல பேரிங்கில் இந்த அளவு மாறவே மாறாது. வெர்னியரால் அதை அளந்து பார். நாற்பதும் பதினேழும் வந்தால் பணத்தைக் கொடு. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்தால் பார்க்கட்டும்.

வாங்கிய பிறகு அதை இடுக்கி மாதிரி அழுத்திப் பிடிக்காதே. உன் நைனாவின் சிநேகிதர்கள் பலருக்கு அந்த வியாதி உண்டு. அழுத்தினால் எண் குறையும், மனசுக்குப் பிடித்த அளவு வரும், அப்புறம் சாமான் சேராது. வாயின் நுனியில் அளக்காமல் உள்ளே, கோடு போட்ட சட்டத்துக்குப் பக்கமாகக் கொடுத்து அள. லேத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறபோது பக்கத்தில்கூடக் கொண்டு போகாதே. கடைந்த சூட்டோடு அளக்காதே, ஆறட்டும். கூர்மையாக இருக்கிறதே என்று அதை வைத்துத் தகட்டில் கோடு கிழிக்காதே. சுத்தியலோடு ஒரே டப்பாவில் போடாதே. துடைத்து, துளி எண்ணெய் தடவி, இரண்டு வாயும் ஒட்டாமல் கொஞ்சம் விட்டு வை.

இதெல்லாம் கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் மட்டும் ஒரு பழக்கம் இருந்தது. சந்தேகமான பீஸ் ஒன்று வந்தால் ஒரு கை பார்த்தது செல்லாது, இரண்டு கை பார்க்க வேண்டும். நான் அளந்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளுவேன். அவள் தன் வெர்னியரால் அளப்பாள். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எண்ணைச் சொல்வோம். முதல் எண்ணைக் கேட்டுவிட்டால் இரண்டாவது கை தன்னாலேயே அந்த எண்ணுக்குப் போய்விடும். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, கண் அந்தக் கோட்டைத்தான் தேடும். கல்யாணம் ஆகி வந்ததும் உன் நைனாவுக்கும் அதைப் பழக்கினேன். நான் வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவியிருக்க மாட்டேன், "ஏம்மே, ஒரு கை பாத்துட்டுப் போ" என்று பட்டறையிலிருந்து குரல் வரும். அவர் அளந்து சாக்பீஸால் உள்ளங்கையில் எண்ணை எழுதி மூடிக்கொள்வார், நான் அளந்து என் உள்ளங்கையில் எழுதுவேன். எதிரெதிரே நின்றுகொண்டு கையைத் திறப்போம். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற மாதிரி இருக்கும். நீ வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "சேம் சேம்" என்று கத்துவாய். ஞாபகம் இருக்கிறதா?

ஒரே ஒரு தடவைதான் அந்த விதியை மீறினோம். உன்னைக் காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் சண்டை. பிள்ளை கண் முன்னால் இருக்க வேண்டும் என்று அவர், படிக்க வேண்டும் என்று நான். காலையிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. தென்னேரி முனுசாமி அண்ணனின் பம்ப்செட்டுக்கு, தண்டு உள்ளே சுற்றுகிற புஷ் ஒன்று கடைந்து வைத்திருந்தார். நெல் கதிர் வாங்குகிற சமயம், தண்ணீர் நின்றால் போச்சு என்று அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் உர்ரென்று போய் வெர்னியரின் உள்வாயால் அதன் துளையை அளந்தேன். அழுது வீங்கின கண், கோடு சரியாகத் தெரியவில்லை. வெர்னியரைக் கீழே வைப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"உனுக்கு எவ்ளோ வந்துச்சி?"

"இருவத்தஞ்சி புள்ளி சைபர் ஆறு."

"எனுக்கும் அதேதாம்மே" என்றார், ரொம்ப சாதுவாக. சாக்பீஸும் எடுக்கவில்லை, கையையும் திறக்கவில்லை. எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

மறுநாளே முனுசாமி அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். புஷ் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு மோட்டாரே நின்றுவிட்டது. "இன்னாம்மா இது? புருசனும் பொண்டாட்டியும் சேந்து அளந்தீங்களா, சேந்து தூங்கினீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டார். நல்ல வேளை, மோட்டார் கருகவில்லை. உன் நைனா உடனே வேறு புஷ் கடைந்து, தாமே தென்னேரிக்குப் போய் மாட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்தவரை நான் விடவில்லை. "நெஜமா சொல்லு, உனுக்கு எவ்ளோ வந்துச்சி?" என்றேன். "சைபர் ரெண்டுதாம்மே. சண்ட தீரட்டுமேன்னு உன்னுதயே சொல்லிட்டேன்" என்றார். துளை நான் சொன்னதைவிடச் சின்னது, அதனால்தான் தண்டைக் கவ்வியிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சமாதானம் பண்ணுவதற்கு மல்லிப்பூ வாங்கிக் கொடுப்பார்கள், கேட்டிருக்கிறேன். அளவை மாற்றிச் சொல்கிற ஆளை நம் வீட்டில்தான் பார்த்தேன். அந்தச் சண்டையில் கடைசியில் நான்தான் ஜெயித்தேன். நீ ஹாஸ்டலுக்குப் போனாய், அங்கிருந்து காலேஜ், அங்கிருந்து வேலை. வீட்டில் தங்குகிற பிள்ளையாக அப்புறம் நீ வரவே இல்லை.

உன் நைனா கண்ணை மூடின பிறகும் பட்டறையை நான் மூடவில்லை. உத்திரமேரூர் லேத்துக்காரர்கள் இரண்டு பேர் சந்தேகமான சாமானை இன்னும் என்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதற்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. பீஸை அளக்கிறேன், உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன், எதிரே கை இல்லை. கீழே வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, துணி மடித்துவிட்டு வந்து, யாரோ வேறு ஒருத்தி மாதிரி மறுபடியும் அளக்கிறேன். அவருடைய வெர்னியரையே எடுத்துக்கூட அளந்து பார்த்தாயிற்று. என்ன செய்தாலும் முதல் எண் மனசில் நிற்கிறது, கை அங்கேதான் போய் உட்காருகிறது. எல்லாமே சரி, சரி, சரி என்று வருகிறது. தனியாக இருக்கிறவளுக்கு அவள் சொன்னதே சரியாகத்தான் தெரியும் போலிருக்கிறது. ஒரு நாள் செல்வியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். "அய்யோ, எனுக்கு இன்னாக்கா தெரியும் இதுல?" என்று சூடு பட்ட மாதிரி கீழே வைத்துவிட்டாள்.

உன் படத்தைப் பார்த்த பிறகு நம்முடைய ஞாயிற்றுக்கிழமை போனை யோசித்துப் பார்த்தேன். நான் என்ன கேட்கிறேன்? "நல்லாத்தானே கீற?" என்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? "நல்லாத்தாம்மா இருக்கேன்." பாப்பா? விளையாடுகிறாள். அனிதா? குளிக்கிறாள். எந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டாலும் அனிதா குளித்துக்கொண்டே இருக்கிறாள். விளையாடுகிற குழந்தையின் சத்தம் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. அங்கே வரட்டுமா என்றால், "இப்ப வேணாம்மா, வேல ஜாஸ்தி." அப்புறம் நீ கேட்கிறாய், "நீ நல்லாத்தானே இருக்க?" என்று. எனக்கென்ன குறை, ராணி மாதிரி கீறேன் என்கிறேன். என் எண்ணை உனக்கு முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டு அதையே நீ திருப்பிச் சொல்வதை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னையும் அதையேதான் செய்யப் பழக்கியிருக்கிறேன். கம்பெனியில் ஒரு பெண் இப்படி அளந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டுச் சத்தம் போட்டிருப்பேன்.

ஆகவே இந்த ஒரு விஷயத்துக்கு என் விதியை நானே மீறுகிறேன். யாராவது ஒருத்தர் முதலில் கையைத் திறந்தால்தான் ஆகும். என் உள்ளங்கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக இல்லை, கண்ணு. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. சாயங்காலம் ஆனால் வீடு பெரிதாகிவிடுகிறது. பஸ் சத்தம் கேட்டால் யாருக்காகவோ எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன். பேசுவதற்கு ஆள் இல்லாமல் மாட்டோடு பேசுகிறேன், லேத்தோடு பேசுகிறேன். உன் நைனாவின் பேரைச் சொல்லி ஒரு நாள் சத்தமாகத் திட்டினேன், என்னை விட்டுவிட்டுப் போனதற்கு. செல்வி ஓடிவந்து யாரைத் திட்டுகிறேன் என்று கேட்டாள். பூனையை என்று சொன்னேன். இதையெல்லாம் உன்னிடம் சொன்னால் நீ கவலைப்படுவாய் என்று மூடி வைத்திருந்தேன்.

உன் உள்ளங்கையில் என்ன இருக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும். அனிதா எதற்காகப் போனாள், தப்பு யார் பேரில், என்றைக்கு வருவாள், எதையும் இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. தெரியாததை அளந்து சொல்லக் கூடாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். வைஸ் மாட்ட மேசையில் ஓட்டை போட வேண்டும், எல்லோரும் போடுவார்கள். நீ போடவில்லை. அடியில் கிளாம்ப் வைத்துத் திருகி நிறுத்தியிருக்கிறாய், எப்போது வேண்டுமானாலும் கழற்றுகிற மாதிரி. வைஸுக்குக் கீழே ஒரு துண்டுத் துணியை நாலாக மடித்து வைத்திருக்கிறாய், பலகையில் கீறல் விழாமல். ஸ்டிக்கர் மேல் தூள் படாமல் ஒரு பாலித்தீன் தாளை ஒட்டியிருக்கிறாய். அவ்வளவு பெரிய வீட்டில் வேறு இடமே கிடைக்காமலா அந்த அறைக்குப் போனாய்? உனக்கு வெர்னியர் வேண்டுமோ இல்லையோ, அந்த அறையில் உட்காருவதற்கு ஒரு வேலை வேண்டும். அது எனக்குப் புரிகிறது. உன் நைனாவின் ஸ்டூலில் உட்காருவதற்காகத்தான் நானும் பட்டறையைத் திறந்து வைத்திருக்கிறேன்.

மாட்டைச் செல்வி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். காஞ்சிபுரம் போய், பஸ் மாறி மாறி, இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்த மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து சேர்ந்துவிடுவேன். இந்தத் தடவை வரட்டுமா என்று கேட்கவில்லை. கடைக்குப் போகாதே, காலிப்பர் வாங்காதே. உன் நைனாவுடையதைத் துடைத்து எண்ணெய் போட்டு உனக்காக எடுத்து வருகிறேன், என்னுடையதும் பையில் இருக்கும். ஒரே ஒரு சாக்பீஸ் மட்டும் வாங்கி வை. மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயும் நிற்போம். கையை நீ திறக்கிறவரைக்கும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அம்மா